இடாப்பைக் குறுக்கே வாசித்தபோது: வன்னிக் கோட்டம் ஒன்றில் மாணவர் வரவு பற்றிய நிகழ்வு ஆய்வு

எங்கள் கல்விக் கோட்டத்தின் மாதாந்த மாணவர் வரவு அறிக்கை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பெரும்பாலான பாடசாலைகளின் வீதம், கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்காத அளவில் நின்றது. ஆனால் வகுப்புக்குள் போய் உட்கார்ந்தால் கதை வேறு. எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியை ஒருவர் பின்னங்களை மூன்றாம் தடவையாகத் தொடங்கியிருந்தார். “போன கிழமை இருந்த பிள்ளையள் இந்தக் கிழமை இல்லை சேர். இண்டைக்கு இருக்கிறதுகளுக்கு முதல் பாடம் தெரியாது” என்றார். அறிக்கையில் நல்ல வீதம், வகுப்பில் முன்னே நகராத பாடம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று பார்க்கப் போனதுதான் இந்த முயற்சியின் தொடக்கம்.

நான் கல்வி வலயத்தில் ஆசிரிய ஆலோசகராக வேலை செய்கிறேன். இங்கே சொல்லப்போகும் கோட்டம், ஏ9 வீதியை விட்டு உள்ளே போகும் கிரவல் ரோட்டுகளின் ஓரத்தில், குளமும் காடும் வயலும் கச்சான் தோட்டமுமாகக் கிடக்கும் பகுதி. பாடசாலைகள் பெரும்பாலும் சிறியவை. கொஞ்சம் பெரிய மகா வித்தியாலயம் ஒன்று சந்தியில் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களின் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேதான் வரவேண்டும். பாடசாலைகளின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சிறிய ஊர்களில் ஒரு விவரம் போதும், யாருடைய வீடு என்று தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பேச்சை ஓரம் வைக்கவேண்டும். வரவு குறைவு என்று எடுத்தவுடனே, “வன்னிச் சனத்துக்குப் படிப்பில அக்கறை இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் அலுவலகக் கூட்டங்களிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு மிகவும் கோபம் வரும் வசனம் இது. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் மரத்தின் கீழே வகுப்பு நடத்திய சனம் இது. 2009 ஓகஸ்டில், போர் முடிந்து மூன்று மாத அளவில், செட்டிகுளம் முகாம்களில் இருந்தபடியே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதினார்கள். இன்று பள்ளிக்கூட வயதில் இருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன் பலர் அந்தக் காலத்தில் படிப்பை இடையில் விட்டவர்கள். தங்களுக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவர்களிடம் நிறைய இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அந்த ஆசைக்குக் குறுக்கே எது நிற்கிறது என்பதைத்தான் நாங்கள் தேட வேண்டியிருந்தது.

சட்டத்தில் குறை இல்லை. 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்றன. 2016 இல் அது 16 வயதுவரை உயர்ந்தது. கிராம அலுவலர் பிரிவு தோறும் பாடசாலை வரவுக் குழு இருக்க வேண்டும் என்பதும் அந்த ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. கல்வி 1945 இலிருந்து இலவசம், பாடநூல் 1980 இலிருந்து, சீருடைத் துணி 1993 இலிருந்து. அப்படியானால் ஒரு வீட்டுக்கு மிஞ்சும் செலவு என்ன? பஸ் காசு, கொப்பி, சப்பாத்து, காலைச் சாப்பாடு. அதோடு, பிள்ளை வீட்டில் நின்றால் செய்யக்கூடிய வேலை. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களே பூட்டப்பட்டன. கொப்பி விலை பல மடங்கானது. அந்த வருடம் பழகிய வராமை பல வீடுகளில் அதன் பின்னும் தொடர்ந்தது.

சராசரி மறைப்பது

வரவு இடாப்பில் பிள்ளைகளின் பெயர் மேலிருந்து கீழாக, நாள்கள் இடமிருந்து வலமாக. வகுப்பாசிரியர் தினமும் செய்வது கீழ்நோக்கிய கூட்டல்: இன்று எத்தனை பேர் வந்தார்கள்? அதிபர் அதைத்தான் கேட்பார், கோட்டம் அதைத்தான் கேட்கும், வலயமும் அதைத்தான் கேட்கும். குறுக்கே, ஒரு பிள்ளையின் வரியில் என்ன நடக்கிறது என்பது மாத முடிவில் வலது ஓரத்தில் ஒரு எண்ணாக எழுதப்படும். அதோடு சரி. அந்த எண்ணை யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பிள்ளைகள் உள்ள வகுப்பு, 90 வீத வரவு. ஒரு நாளைக்கு இரண்டு இடம் வெறுமை. வருடத்தில் சுமார் 200 பாடசாலை நாள் என்று வைத்தால், மொத்தம் 400 வராத நாள். அது எல்லாப் பிள்ளைக்கும் சமமாகப் பிரிந்தால் ஆளுக்கு 20 நாள். ஆனால் அந்த 400 நாளும் நான்கே பிள்ளைகளுடையதாக இருந்தால், ஒவ்வொருவரும் 100 நாள், அதாவது பாதி வருடம், வரவில்லை. இரண்டு வகுப்புக்கும் அறிக்கையில் ஒரே 90 தான். முதலாவது வகுப்புக்கும் இரண்டாவது வகுப்புக்கும் செய்யவேண்டிய வேலை முற்றிலும் வேறு.

அமெரிக்காவில் இதை நெடுங்காலமாக ஆராய்கிறவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: பாடசாலை நாள்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளை தனிக் கவனத்துக்கு உரியது, காரணம் எதுவாக இருந்தாலும் சரி. எங்கள் கணக்கில் அது வருடத்தில் 20 நாள், மாதத்துக்கு இரண்டு நாள். மாதம் இரண்டு நாள் என்பது யாருக்கும் பெரிதாகத் தெரியாது, அதுதான் அதன் ஆபத்து. அதை எங்கள் எல்லையாக எடுத்துக்கொண்டோம்.

ஒரு பின்னேரம் வகுப்பாசிரியர்களை இடாப்போடு கூப்பிட்டோம். சிவப்புப் பென்சிலால் குறுக்கே வாசிக்கச் சொன்னோம். தொடங்கும்போது “இது எங்களுக்குத் தெரிஞ்ச விசயம்தானே” என்ற முகங்கள். அரை மணித்தியாலத்தில் அறையின் சத்தம் மாறிவிட்டது. ஒருவரின் இடாப்பைப் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார். கீழ்நோக்கி வாசித்தால் தெரிவது எல்லோருக்கும் தெரிந்த பள்ளங்கள்: வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு மறுநாள் வகுப்பு காலி, கார்த்திகை மார்கழியில் மழை கொட்டிய நாள் காலி. அதில் பெரிய பாதகம் இல்லை, எல்லோரும் சேர்ந்து தவறவிட்ட பாடத்தை எல்லோருக்கும் சேர்த்து மறுபடி எடுக்கலாம். குறுக்கே வாசித்தபோது வந்தவை வேறு. ஒரே கிராமத்துப் பிள்ளைகள் ஆறு பேர், ஒரே நாள்களில் இல்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் சிலருக்கு ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை இரண்டு மூன்று நாள் இல்லை. முதலாம் தவணையில் ஆண்பிள்ளைகள் சிலருக்கு நீளமான வெற்றிடம். இன்னும் சில பெயர்களுக்கு ஒழுங்கே இல்லாமல் மூன்று நாள், நான்கு நாள் என்று கொத்துக் கொத்தாக.

காரணங்களை எங்கள் ஊகத்தில் எழுதவேண்டாம் என்று தீர்மானித்தோம். போய்க் கேட்பது என்று முடிவாயிற்று.

வாசலில் நின்ற பிள்ளைகள்

அந்த ஆறு பேரின் விசயம் பஸ். அவர்களின் கிராமத்திலிருந்து மகா வித்தியாலயத்துக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அது சந்திக்கு வந்து சேரும்போது 7.30 கடந்துவிடும்; அங்கிருந்து நடந்து வாசலுக்கு வர இன்னும் கொஞ்ச நேரம். பாடசாலை 7.30 க்குத் தொடங்கும். பிந்தி வருகிறவர்களின் பெயரை மாணவத் தலைவர்கள் எழுதுவார்கள், காலைப் பிரார்த்தனை முடியும்வரை வாசலிலேயே நிற்கவேண்டும், பிறகு பகுதித் தலைவரின் பேச்சு. பஸ் கொஞ்சம் வேகமாக வந்த நாள் இந்தப் பிள்ளைகள் வந்தார்கள். பஸ் பிந்தும் என்று தெரிந்த நாள், ஏறவே இல்லை. ஒரு பொடியன் வெகு இயல்பாகச் சொன்னான்: “வந்தாலும் வெளியிலதானே சேர் நிக்கவேணும்.”

இதில் என்னை உறுத்திய ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அதே பஸ்ஸில் ஆசிரியர்கள் சிலரும் வந்தார்கள். பஸ் பிந்தினால் அவர்களுக்கும் பிந்தும். அது நியாயமான காரணம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கையொப்பமிட்டு உள்ளே போக, பக்கத்து ஆசனத்தில் இருந்து வந்த பிள்ளை வாசலில் நின்றது. அந்த ஆசிரியர்களில் ஒருவர்தான் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார். அவர் சொன்ன பிறகு அதிபருக்கு வேறு பேச்சு இருக்கவில்லை. அடுத்த நாளே ஒழுங்கு மாறியது: பிந்தி வரும் பிள்ளை நேரே வகுப்புக்குப் போகலாம், காரணத்தை வகுப்பாசிரியர் இடைவேளையில் கேட்பார். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இந்த முயற்சி முழுவதிலும் விரைவாகப் பலன் தந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

பஸ் நேரத்தை மாற்றுவது அப்படி இலகுவாக இருக்கவில்லை. டிப்போவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வரவில்லை. நேரில் போனபோது, அதே பஸ் முதல் ஓட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றவேண்டும் என்றார்கள். அதுவும் உண்மையான தேவைதான். கடைசியில் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் ஒருவரே எழுந்து கேட்டதும், இரண்டு ஓட்டங்களின் வரிசையை மாற்றிப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். அலுவலகக் கடிதத்தை விட அந்தத் தகப்பனின் குரலுக்கு அங்கே எடை கூட இருந்தது. பிறகு இப்படியான விசயங்களில் பெற்றோரையே முன்னுக்கு அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமையும் இதோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்து தங்கிப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் வெள்ளி மதியம் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பார்கள். கடைசிப் பாடங்கள் நடக்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நடக்காத பாடத்துக்கு ஏன் வருவான்? ஒரு அதிபர் நேரசூசியைப் பிரித்து, வெள்ளியின் கடைசிப் பாடங்களை ஊரிலேயே இருக்கும் ஆசிரியர்களுக்குக் கொடுத்தார். அதில் ஒன்று விளையாட்டு, ஒன்று நூலகம். அந்தப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மற்ற நாள்களைப் போல ஆகிவிட்டது. மற்ற அதிபர்கள் சிலரால் செய்ய முடியவில்லை, ஊரில் இருக்கும் ஆசிரியரே அவர்களுக்கு இல்லை.

வீட்டுக்குப் போவது

வீட்டுக்குப் போவதற்குச் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். இரண்டு பேராகப் போவது, அதில் ஒருவர் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர். முதல் தடவை அலுவலரையோ பொலிஸையோ கூட்டிப்போவதில்லை. சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கையில் கோப்போடு போவதில்லை. பிள்ளையைக் காணவில்லை, அதனால் பார்க்க வந்தோம், அவ்வளவுதான் முதல் பேச்சு.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வராத நாள்கள் கொத்தாக. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார், அம்மம்மாவோடு இருக்கிறாள். நாங்கள் போனபோது முற்றத்தில் மூன்று வயதுத் தங்கச்சியைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் உள்ளே ஓடிவிட்டாள். அம்மம்மா கதிரையைத் துடைத்துப் போட்டார்.

“பிள்ளையைக் காணேல்லை அம்மா, அதுதான் பார்க்க வந்தனாங்கள். சுகமில்லையோ?” என்று கேட்டார் ரீச்சர்.

“சுகமாத்தான் இருக்கிறாள் ரீச்சர். கச்சான் புடுங்கக் கூப்பிட்டா நான் போகவேணும். அண்டைக்கு இந்தச் சின்னனை ஆர் பாக்கிறது?”

“எத்தினை நாள் வரேல்லை எண்டு தெரியுமோ?”

“ரெண்டு மூண்டு நாள் இருக்கும்.”

ரீச்சர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வந்திருந்தார். அந்தத் தவணையில் 14 நாள். அம்மம்மா கடதாசியை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிள்ளை நாள்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். “அவ்வளவோ?” என்றார் அம்மம்மா. அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கொத்தும் அவருக்கு ஒரு நாளாகத்தான் நினைவில் இருந்தது.

தீர்வு இருநூறு யார் தள்ளி இருந்தது. ஊர் முன்பள்ளி மூன்று வயதுப் பிள்ளையை எடுக்கும். மாதக் காசு கட்ட முடியாது என்று அம்மம்மா கேட்கவே போகவில்லை. மாதர் சங்கத் தலைவி முன்பள்ளி ஆசிரியையோடு பேசினார்; சின்னவளைச் சேர்த்தார்கள், காசைச் சங்கம் பார்த்துக்கொண்டது. முன்பள்ளி விட்டதிலிருந்து அக்கா வரும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள். கச்சான் காலம் முழுவதும் இந்த ஏற்பாடு நின்று பிடித்தது.

அந்தத் துண்டுக் கடதாசி வெறும் எங்கள் யோசனை அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 28,000 க்கு மேற்பட்ட வீடுகளை வைத்துச் செய்து 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று, பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று பெற்றோருக்குக் கடிதத்தில் சொல்வதே தொடர் வராமையைப் பத்து வீதம் அளவில் குறைத்தது என்று காட்டியது. பெற்றோர் தங்கள் பிள்ளையின் வராத நாளைக் குறைத்தே எண்ணுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. அங்கே தபால், இங்கே பிள்ளையின் கொப்பிக்குள் வைத்து அனுப்பும் துண்டு, அல்லது வாயால் சொல்வது. ஆனால் ஒன்று: கடதாசி மட்டும் போதாத வீடுகளே எங்களிடம் கூட. 14 நாள் என்று தெரிந்த பிறகும் சின்னவளைப் பார்க்க ஆள் வேண்டும்.

முதல் நாளே தொலைபேசி எடுப்பது என்றும் ஒரு ஒழுங்கு வைத்தோம். பிள்ளை வராத அன்று இடைவேளைக்குள் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் பேசவேண்டும். வன்னியில் சிம் மாறிக்கொண்டே இருக்கும், இலக்கம் பாதி வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அயல்வீட்டு இலக்கம் ஒன்றையும் எழுதி வைத்தார்கள். ரீலோட் காசு ஆசிரியரின் கைக்காசு என்பது சரியில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் அதை ஏற்கவேண்டும் என்று கேட்டோம், சில இடங்களில் ஏற்றார்கள்.

பெண்பிள்ளைகளின் வரி

நான்கு கிழமைக்கு ஒருமுறை வரும் வெற்றிடத்தின் காரணம் அறையில் இருந்த ஆசிரியைகளுக்கு உடனே தெரிந்தது. ஆண் அதிபர்கள் இருக்கும் இடத்தில் அதைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. தேநீர் நேரத்தில் ஒரு ஆசிரியை என்னிடம், “சேர், ஒருக்கா எங்கட பெண்பிள்ளையளின்ர மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கோ” என்றார். போய்ப் பார்த்தேன். கதவுக்கு உள்ளே கொண்டி இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்கவேண்டும். தண்ணீர் கிணற்றிலிருந்து அள்ளி வரவேண்டும். பாவித்ததைப் போட ஒரு மூடியுள்ள வாளிகூட இல்லை. காலை 7.30 முதல் 1.30 வரை ஆறு மணித்தியாலம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அங்கே எப்படி இருப்பாள்? வீட்டில் நிற்பதுதான் அவளுக்குப் புத்தியான முடிவு.

கொண்டி, வாளி, மூடியுள்ள தொட்டி, ஆசிரியையின் அலுமாரியில் ஒரு பெட்டி அணையாடை. இதைச் செய்து முடிக்க எந்தத் திட்டத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. 2024 இல் அரசாங்கம் அணையாடைக்கு வவுச்சர் கொடுக்கத் தொடங்கியபோது நல்ல உதவியாக இருந்தது, ஆனால் கதவு பூட்டாத இடத்தில் வவுச்சர் மட்டும் பிள்ளையைக் கொண்டுவராது. திருத்திய பாடசாலைகளில் அந்த வெற்றிடங்கள் தெளிவாகக் குறைந்தன.

இன்னொன்று சாமத்தியவீடு. பிள்ளை பெரியபிள்ளையானதும் வீட்டில் இருத்தி, சடங்கு முடியும்வரை வெளியே விடாத வீடுகள் உண்டு. சடங்கு, வெளிநாட்டு மாமா வரும்வரையும் காசு சேரும்வரையும் தள்ளிப் போகும். ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு தவணையின் பெரும்பகுதி போனது. இதில் ஆசிரியர்கள் பேசினால் “எங்கட சம்பிரதாயத்தில கைவைக்கினம்” என்று வரும். மாதர் சங்கக் கூட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தரும் வயதான அம்மாமாரும் பேசினார்கள். வீட்டுத் தண்ணி வார்வை முடிந்ததும் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், மண்டபச் சடங்கை வசதியான நாளில் வையுங்கள் என்பது அவர்களின் பேச்சு. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்கவில்லை.

பரிசும் சைக்கிளும்

வரவைக் கூட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பரிசு. நூறு வீத வரவுக்குச் சான்றிதழ். நான் இதற்கு எதிரானவன். காய்ச்சலோடு சான்றிதழுக்காக வந்து முன்வரிசையில் படுத்த பிள்ளையைப் பார்த்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 14 கல்வி மாவட்டங்களில் செய்த ஆய்வு ஒன்றில், போன மாதம் முழுவதும் வந்ததற்காக விருது பெற்ற பிள்ளைகள் அடுத்த மாதம் மற்றவர்களை விடக் கூடுதலாக வராமல் விட்டார்கள். அதோடு, இந்தப் பரிசு எப்படியும் வரக்கூடிய பிள்ளைக்கே போய்ச் சேருகிறது. வராத பிள்ளை மண்டபத்தில் இருந்து கை தட்டக்கூட அன்று வந்திருக்காது.

புலம்பெயர் உறவுகள் அனுப்பும் சைக்கிளிலும் இதே கதை. புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைக்குத்தான் சைக்கிள் என்பது வழக்கமாகிவிட்டது. அனுப்புகிறவரின் மனதில் எந்தக் குறையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பிள்ளைக்கு அது கிடைக்க, குளக்கட்டால் நடந்து வரும் பிள்ளை நடந்தே வந்தது. ஒரு பழைய மாணவர் சங்கம், தூரத்தையும் இடாப்பின் வரியையும் பார்த்துக் கொடுக்க ஒத்துக்கொண்டது. கொடுத்த சைக்கிள்களுக்கு ரியூப் மாற்றவும் ஒட்டுப் போடவும் சிறு காசு ஒதுக்கினார்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் சுவரில் சாத்திவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பாடசாலை உணவு முக்கியமாக ஆரம்பப் பிரிவுக்கே. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பெரிய பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு அது நின்றுவிடுகிறது, அதே வருடம் பஸ் காசும் தொடங்குகிறது. வரவு சரியத் தொடங்குவதும் அங்கேதான். ஒரு பாடசாலையில் பெற்றோர் முறை வைத்துக் காலையில் இலைக்கஞ்சி காய்ச்சினார்கள். முல்லையும் பொன்னாங்காணியும் ஊரிலேயே கிடைக்கும், அரிசியை ஒரு கமக்காரர் அமைப்பு கொடுத்தது. காலைக் கூட்டத்தில் மயங்கி விழுவது நின்றது என்று அதிபர் சொன்னார்.

வீதம் கேட்டால் வீதம் வரும்

இந்த முயற்சியில் மிகக் கடினமான பகுதி எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. வரவு குறைந்த பாடசாலையின் அதிபரை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பது நெடுநாள் பழக்கம். அப்படிக் கேட்டால் அடுத்த மாதம் வீதம் கூடும்; பிள்ளை கூடாது. சிறிய பாடசாலை அதிபருக்கு இன்னொரு பயமும் உண்டு: பிள்ளை குறைவு என்று தெரிந்தால் ஆசிரியரை எடுத்துவிடுவார்கள், பிறகு பாடசாலையையே மூடுவார்கள். உயர்தரத்தில் 80 வீத வரவு இருந்தால்தான் பரீட்சைக்கு அனுமதி என்பதால், ரியூசனுக்குப் போன பிள்ளைக்கும் இரக்கப்பட்டு வரவு போடுவது நடக்கிறது. எண்ணைக் கேட்கிற இடத்தில் எண்ணைத்தான் செய்து கொடுப்பார்கள்.

அதனால் மாதக் கூட்டத்தின் கேள்வியை மாற்றினோம். வீதத்தைக் கேட்பதை நிறுத்தி, மூன்று விசயம் மட்டும் கேட்டோம்: இந்த மாதம் இரண்டு நாளோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் யார், வீட்டில் என்ன சொன்னார்கள், உங்களால் முடியாமல் எங்களிடம் தரவேண்டிய வேலை என்ன. மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்தால் அதைச் செய்து முடிப்பது கோட்டத்தின் பொறுப்பு. டிப்போ, பிரதேச செயலகம், குடும்பநல உத்தியோகத்தர், யானை வேலி உடைந்த இடத்தைச் சொல்ல வனஜீவராசிகள் அலுவலகம் என்று அலைவது நாங்கள். நீளமான பட்டியல் கொண்டுவந்த அதிபரை யாரும் குறை சொல்லக்கூடாது என்று கோட்டக் கல்விப் பணிப்பாளர் முதல் கூட்டத்திலேயே சொன்னார். அதைச் சொன்னபடி காத்ததும் அவர்தான். இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பிறகு பட்டியல்கள் நீண்டன. வரவு குறைந்ததால் அல்ல, உண்மை வரத் தொடங்கியதால். அந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து “ஏன் உங்கள் கோட்டம் இறங்குகிறது” என்று கேள்வி வந்தது. விளக்கம் எழுதினோம்.

முடியாமல் போனவை

பதினைந்து பதினாறு வயது ஆண்பிள்ளைகளில் பலரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. காலபோக நெல் விளையும் மாதங்களில் தகப்பனோடு இரவு யானைக் காவலுக்குப் பரணில் இருக்கிற பொடியன் விடியப் படுத்துவிடுவான். அது அந்தப் பருவத்தோடு போகும். அவனுக்குத் தவறிய பாடத்தைப் பின்னேரத்தில் கொடுத்துச் சமாளித்தோம். மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் நிற்கிறவன் வேறு. கடற்கரைப் பக்கம் சோளகக் காலத்தில் கரைவலை இழுக்கப் போய்ப் பங்கு வாங்கிய பொடியனும் வேறு. அன்றாடம் கையில் காசு வந்தபின், பத்தாம் வகுப்புக் கதிரையில் வந்து இருக்க அவனுக்கு மனமில்லை. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்ந்தது. சட்டத்தைச் சொல்லி ஒரு முதலாளியைத் தடுத்தால் இன்னொருவரிடம் போகிறான். வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு சிலரைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பியது. சிலரைக் கிளிநொச்சி அறிவியல்நகருக்குக் கூட்டிப்போய் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தைக் காட்டினோம். இயந்திரத்தில் கைவைக்க ஆசையுள்ள ஒருவன் சாதாரணதரம் எழுதுகிறேன் என்று திரும்பி வந்தான். மற்றவர்கள் வரவில்லை. அந்த வீடுகளின் கடனுக்கும் வருமானத்துக்கும் பள்ளிக்கூடத்திடம் பதில் இல்லை.

மழைக்காலமும் அப்படியே. பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனால் பிள்ளை வராது, வரவும் கூடாது. 2018 மார்கழி வெள்ளத்தை மறக்காத தாய்மாரிடம் போய் அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மூன்றாம் தவணையின் முக்கியப் பாடங்களை மழைக்கு முன் இழுத்து முடிப்பது ஒன்றே செய்யக்கூடியதாக இருந்தது.

பலனை ஒரே எண்ணில் சொல்ல நான் விரும்பவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் முந்திய வருட இடாப்புகள் எவ்வளவு உண்மை என்பதே கேள்வி. பஸ் கிராமத்தின் பிள்ளைகள் பட்டியலை விட்டு வெளியேறினார்கள். பெண்பிள்ளைகளின் வரியில் மாற்றம் தெளிவு. கச்சான் காலப் பள்ளம் குறைந்தது, மறையவில்லை. பின்னங்களை மூன்று தடவை எடுத்த ஆசிரியை அடுத்த வருடம் ஒரே தடவையில் முடித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போனார்.

இப்போது என் கவலை இடமாற்றம். வருடத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர்கள் பாதிப்பேர் மாறுவார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த அயல்வீட்டு இலக்கம் வேலை செய்யும், எந்தப் பிள்ளையின் தங்கச்சிக்கு ஆள் வேண்டும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். அது அதிபரின் பூட்டிய அலுமாரியில் இருக்கும். போகிற ஆசிரியர் வருகிற ஆசிரியரோடு ஒரு மணித்தியாலம் இருந்து அதைப் பெயர் பெயராக ஒப்படைத்த பிறகே விடுவிப்புக் கடிதம். கச்சான் பிடுங்கத் தொடங்க முன்னர் எல்லாப் பாடசாலையிலும் இது முடிந்திருக்கவேண்டும்.